மோட்டார் காரின் மஞ்சள் விளக்கும் கோளாறு எண்ணும்

விளைபொருளைப் பற்றிய பேச்சுக்குச் சந்தைக்குப் போய்வரவும், விதை, மருந்து முதலியன வாங்கி வரவும், தாலுகா ஆபீசுக்கும் பாங்கிக்கும் சென்று திரும்பவும், நிலமுள்ள குடியானவர்களிற் பலர் இப்போது சொந்தத்திலேயே மோட்டார் கார் வைத்திருக்கிறார்கள். மாட்டுக்கு வந்த நோயைக் கண்ணாலும் கையாலும் பார்த்தே ஒருவாறு அறிந்துகொள்ளும் அனுபவசாலிகளுக்கும், காரின் முன்பலகையில் எஞ்சின் உருவமுள்ள மஞ்சள் விளக்கொன்று திடீரென்று எரியத் தொடங்கினால் என்ன செய்வதென்று தோன்றுவதில்லை. வண்டி ஓடுகிறது, சப்தத்தில் பெரிய மாறுதல் இல்லை, ஆயினும் விளக்கு அணைவதில்லை. பட்டறைக்குக் கொண்டுபோனால், அங்கே ஒரு சிறு கருவியைப் பொருத்தி, பி 0171 என்பது போன்ற ஓர் எண்ணைப் படித்து, இன்ன சாமானை மாற்றவேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். சாமானுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஒரு வாரம் கழிந்ததும் விளக்கு மறுபடியும் எரிகிறது. பின்னர் வேறொரு சாமான் மாற்றப்படுகிறது.

இவ்விதமான வீண்செலவுக்கு முக்கிய காரணம், அவ்வெண் எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறியாமையேயாகும். அதனை விளக்கி, அடிக்கடி காணப்படும் ஓர் எண்ணை உதாரணமாக எடுத்துக்கொண்டு, அதன் மூலகாரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை இங்கே கூறப்படுகிறது. கார் வைத்திருப்பவர் தாமே எல்லா வேலையையும் செய்யவேண்டும் என்பதில்லை. மெக்கானிக்கிடம் எதைச் செய்யச் சொல்லவேண்டும், எதைச் செய்தாயிற்றா என்று கேட்கவேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டாலே போதிய பயனுண்டு.

விளக்கு ஏற்பட்ட விதம்

இவ்விளக்கு எஞ்சினைக் காப்பாற்றுவதற்கென்று மட்டும் ஏற்பட்டதன்று. முக்கியமாகக் காற்றைக் காப்பாற்றுவதற்கென்று ஏற்பட்டது. மோட்டார்ப் புகையினால் மிகவும் துன்புற்ற அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், 1988-ம் வருஷத்து மாடல் முதற்கொண்டு, புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகளில் கோளாறு நேர்ந்தால் வண்டியே அதைக் கண்டுபிடித்து ஓட்டுகிறவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. அக்காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு முறையை வைத்துக்கொண்டிருந்தமையால் பட்டறைக்காரர்களுக்குப் பெருந்தொல்லையாயிருந்தது. 1996-ம் வருஷத்து மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்துக்கும் ஒரே மாதிரியான பதினாறு முனைச் சொருகுவாயும், பொதுவான எண்முறையும் ஏற்பட்டன. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு இது 2001-ல் வந்தது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் கீழ் 2010-ம் வருஷம் ஏப்ரலில் முதற்படியும், 2013-ம் வருஷம் ஏப்ரலில் இரண்டாம்படியும் அமுலுக்கு வந்தன. ஆகவே 2013-க்குப் பின் செய்யப்பட்ட கார்களில், ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் ஸ்டீயரிங்குக்குக் கீழ்ப்புறமாய்க் கையை நீட்டித் தேடினால் மேற்படி சொருகுவாய் அகப்படும். அதில் மாட்டிக் கைப்பேசியில் எண்ணைப் படிக்கும் சிறு கருவிகள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. எண்ணைப் படிப்பது இப்போது ஒரு வித்தையன்று.

டிராக்டர்களுக்கும் இதைப்போன்ற ஏற்பாடு வந்துகொண்டிருக்கிறது. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023-ம் வருஷம் ஜனவரி முதல் கடுமையான புகை விதிகள் அமுலாகியிருப்பதால், அவற்றின் டீசல் எஞ்சின்களையும் கம்ப்யூட்டர் ஆளத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அவற்றில் வழங்கும் எண்முறை வேறு. இங்கே கூறப்படுவது பெட்ரோல் கார்களுக்கு மட்டுமே பொருந்தும்.

எந்த விளக்குக்கு நிற்கவேண்டும்

மஞ்சள் விளக்கைச் சிவப்பு விளக்குகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. எண்ணெய்க் குடுவை உருவமுள்ள சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிடவேண்டும். அரை மைல் ஓட்டினாலும் எஞ்சின் பாழாகிவிடக்கூடும். எஞ்சின் சூடேறியதைக் காட்டும் விளக்கும் அத்தன்மையதே. மஞ்சள் விளக்கு நிலையாக எரியுமாயின், வண்டி சாதாரணமாய் ஓடும்வரையில், வீடு திரும்பி நிதானமாய்ப் பார்க்கலாம். ஆனால் அதே மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் அப்படியே வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்தப் பெட்ரோல் சைலென்சர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்னும் புகை சுத்தி செய்யும் உறுப்பில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அவ்வுறுப்பில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருப்பதால், அதை மாற்றும் செலவு மிகவும் அதிகம். மின்னும்போது வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரத்தில் வண்டியை நிறுத்துவதே நலம்.

எண் என்பது மனு, தீர்ப்பன்று

பி 0171 என்பதில் முதலிலுள்ள எழுத்து பவர்டிரெயின் என்னும் சொல்லின் முதலெழுத்து. எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் சேர்ந்த கோளாறு என்பதைக் காட்டுகிறது. அடுத்த சைபர், இது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான எண் என்பதற்கு அடையாளம். அவ்விடத்தில் 1 இருந்தால் அது கம்பெனி தானே வகுத்துக்கொண்ட எண். மூன்றாவதாக நிற்கும் 1, காற்றையும் பெட்ரோலையும் அளந்து சேர்க்கும் பகுதியைக் குறிக்கும். 3 என்றிருந்தால் தீப்பொறியைச் சேர்ந்தது. கடைசி இரண்டு இலக்கங்களும் இன்ன கோளாறு என்பதைக் காட்டுபவை. ஆக, பி 0171 என்பதன் முழுப்பொருள்: எஞ்சினின் முதல் வரிசைச் சிலிண்டர்களில் கலவை பெட்ரோல் குறைந்ததாக, மெக்கானிக்குகள் சொல்லும் வழக்கில் லீன் ஆக, இருக்கிறது என்பதே. சாதாரண நான்கு சிலிண்டர்க் கார்களில் ஒரே வரிசைதான் உண்டு.

இதற்கு மேல் அவ்வெண் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். எந்தச் சாமான் கெட்டது என்று அது சொல்லவேயில்லை. கடைமடையிலுள்ள ஒருவர் தம் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனுக் கொடுத்தால், விசாரிக்கிற அதிகாரி மனுதாரருடைய வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. மதகிலிருந்து தொடங்கி, வாய்க்கால் நெடுகப் பார்த்துக்கொண்டு வருகிறார். எஞ்சினில் இந்த மனுவைக் கொடுப்பது ஆக்ஸிஜன் சென்சார். பி 0171 என்று கண்டவுடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்லுவது, மனுக் கொடுத்தவரையே ஊரைவிட்டு அனுப்பிவிடுவதற்கு ஒப்பானது. ஆனால் பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான். சென்சாரே கெட்டுப் பொய் சொல்லுவதும் உண்டு. எனினும் அது கடைசியாய்ச் சந்தேகிக்கவேண்டியது, முதலிலன்று.

கலவை சீர்ப்படும் விதம்

ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. உள்ளே செல்லும் காற்றை ஒரு சென்சார் அளக்கிறது. அந்த அளவுக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் இஞ்செக்டர்களைத் திறந்து பெட்ரோலைப் பீச்சச் செய்கிறது. எரிந்தபின் வெளிவரும் புகையில் ஆக்ஸிஜன் மீந்திருக்கிறதா என்பதைப் புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் பார்க்கிறது. பழைய வகைச் சென்சார் ஆக்ஸிஜன் மிகுந்தால் 0.1 வோல்ட்டுக்கு அருகிலும், குறைந்தால் 0.9 வோல்ட்டுக்கு அருகிலும் மின்சாரம் காட்டும். இதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைச் சிறிது கூட்டியும் குறைத்தும் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கிறது.

இத்திருத்தம் இருவகைப்படும். நொடிக்கு நொடி மாறுவது குறுங்காலத் திருத்தம், கருவியில் எஸ்.டி.எப்.டி. என்று காணப்படும். பல நாள் அனுபவத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு மனத்தில் வைத்திருப்பது நெடுங்காலத் திருத்தம், எல்.டி.எப்.டி. என்று காணப்படும். இரண்டும் நூற்றுக்கு எவ்வளவு என்ற விகிதத்தில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் வருவதே மொத்தத் திருத்தம். கூட்டல் 10, கழித்தல் 10 என்ற எல்லைக்குள் இருந்தால் குற்றமில்லை. கூட்டல் 25-ஐ ஒட்டி ஏறி அங்கேயே நின்றுவிட்டால், "இனி என்னால் ஈடுசெய்ய முடியவில்லை" என்று கம்ப்யூட்டர் கைவிட்டு, பி 0171 என்று எழுதி விளக்கை ஏற்றுகிறது. இந்த எல்லை கம்பெனிக்குக் கம்பெனி சிறிது வேறுபடும். அன்றியும், ஒரே தடவை கண்டதைக் கொண்டு விளக்கு எரிவதில்லை; பொதுவாக இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து கண்டபின்னரே எரியும்.

இங்கே மறக்கலாகாத ஒன்று உண்டு. ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை; ஆக்ஸிஜனை மட்டுமே பார்க்கிறது. ஒரு ஸ்பார்க் பிளக் வேலைசெய்யாமல் ஒரு சிலிண்டர் எரியாமற்போனால், அச்சிலிண்டரிலுள்ள காற்று முழுவதும் அப்படியே வெளியேறும். சென்சார் அதைக் கண்டு பெட்ரோல் போதவில்லை என்றே சொல்லும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயின் இணைப்பில் வெடிப்பிருந்தாலும், புகை விட்டுவிட்டு வரும் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு அதே பொய்யான செய்தி உண்டாகும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருப்பதும், காலையில் முதன்முதல் கிளப்பும்போது டிக் டிக் என்று சப்தம் கேட்பதும் அவ்வெடிப்புக்கு அறிகுறிகள். பி 0171-உடன் பி 0300 முதலான தீப்பொறி எண்களும் சேர்ந்திருந்தால், பிளக்கையும் காயிலையும் முதலில் கவனிக்கவேண்டும்.

முதலில் எழுதிக்கொள்ள வேண்டியவை

எண்ணைப் படித்தவுடன் அதை அழித்துவிடும் வழக்கம் மிகவும் கெடுதியானது. கோளாறு தோன்றிய அந்த நொடியில் எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றியது, வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றுகொண்டிருந்ததா, எஞ்சின் சூடு எவ்வளவு, பாரம் எவ்வளவு, திருத்தங்கள் எவ்வளவு என்பவற்றைக் கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்ததுபோல் நிறுத்திவைத்திருக்கிறது. இதற்கு பிரீஸ் பிரேம் என்று பெயர். எண்ணை அழித்தால் இதுவும் அழிந்துபோகும். பாட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டினாலும் அப்படியே. ஆகையால் எதையும் தொடுவதற்கு முன்னால் இவ்விவரங்கள் யாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளவேண்டும்.

அளக்கப்படாத காற்று

பி 0171-க்கு மிகச் சாதாரணமான காரணம், அளவு சென்சாரைத் தாண்டிய பின்னர் ஏதோ ஓர் இடுக்கின் வழியாகக் காற்று உள்ளே புகுவது. மதகில் அளந்து விட்ட தண்ணீருக்குத் தக்கபடி உரம் கலந்துவிடுகிற ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வரப்பிலுள்ள எலிவளையின் வழியாய்ப் பக்கத்து வயல் தண்ணீரும் வந்து சேருமாயின், அவர் கணக்கில் தவறில்லாதபோதே உரம் நீர்த்துப்போகும். வாய்க்காலில் சிறிதளவு தண்ணீர் ஓடும்போது அந்தக் கசிவு பெரும்பங்காகும். கரைபுரள ஓடும்போது அது ஒரு பொருட்டாகாது.

எஞ்சினிலும் இதே கணக்குத்தான். ஐடிலிங் என்று சொல்லும் நின்ற நிலை ஓட்டத்தில், திராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், அதற்கு உட்புறமுள்ள இன்டேக் மானிபோல்டில் காற்றின் அழுத்தம் வெளியிலிருப்பதில் சுமார் மூன்றிலொரு பங்குதான் இருக்கும். எனவே சிறு வெடிப்பிருந்தாலும் வெளிக்காற்று வேகமாய் உள்ளே இழுக்கப்படும். ஒரு சிறிய எஞ்சினில் ஐடிலிங்கில் சென்சார் அளந்த காற்று நொடிக்கு 2 கிராம் என்றும், கசிந்து வருவது 0.5 கிராம் என்றும் கொண்டால், கம்ப்யூட்டர் நூற்றுக்கு 25 பங்கு பெட்ரோலைக் கூட்டவேண்டியதாகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து நிமிஷத்துக்கு 2,500 சுற்றாக்கினால் அளந்த காற்று 10 கிராமுக்கு ஏறுகிறது, கசிவு 0.4 கிராம் என்று கொண்டால், திருத்தம் 4 பங்குக்கு இறங்கிவிடும்.

காரணத்தைப் பிரித்தறியும் உரைகல் இதுவே. எஞ்சினை நன்றாய்ச் சூடேற்றி, ஐடிலிங்கில் இரண்டு திருத்தங்களையும் கூட்டி எழுதிக்கொள்ளவேண்டும். பிறகு 2,500 சுற்றில் ஒரு நிமிஷம் நிறுத்தி மறுபடியும் எழுதிக்கொள்ளவேண்டும். ஐடிலிங்கில் மிகுதியாகவும், சுற்று ஏறினால் குறைவாகவும் இருந்தால் காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் சரியாயிருந்து, சுற்றும் பாரமும் ஏற ஏறத் திருத்தமும் ஏறிக்கொண்டே போனால், பெட்ரோல் வந்து சேரவில்லை, அல்லது காற்றளவு சென்சார் குறைத்துச் சொல்லுகிறது. இரண்டு நிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவாயிருந்தால் பெட்ரோல் அழுத்தம் எப்போதுமே குறைவாயிருக்கலாம், இஞ்செக்டர்கள் அடைபட்டிருக்கலாம். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிஷமும், மேலே சொன்ன சிறு கருவியுமே போதும். இதைச் செய்யாமல் ஒரு சாமானையும் வாங்க இசையலாகாது.

ஓர் எச்சரிக்கை. சிறு கார்கள் பலவற்றில் காற்றை நேரே அளக்கும் சென்சார் இராது. மானிபோல்டின் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடும் சென்சாரே இருக்கும். அவற்றில் கசிந்து வரும் காற்றும் அழுத்தத்தை ஏற்றிவிடுவதால் கம்ப்யூட்டர் அதையும் கணக்கிற் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். அப்போது லீன் என்ற எண்ணுக்குப் பதில் ஐடிலிங் வேகம் ஏறிப்போவதே பெரும்பாலும் காணப்படும். ஆகவே தம் காரில் இருப்பது எவ்வகை என்று மெக்கானிக்கைக் கேட்டுக்கொள்வது நல்லது. அழுத்தச் சென்சார் உள்ள காரில் பி 0171 வந்தால் பெட்ரோல் வரும் வழியையே முன்னதாகப் பார்க்கவேண்டும்.

கசிவைத் தேடும் முறை

ஏர் பில்டர்ப் பெட்டியிலிருந்து திராட்டில் வரைக்கும் செல்லும் மடிப்புள்ள ரப்பர் குழாயை முதலில் பார்க்கவேண்டும். மேற்புறம் நன்றாயிருந்தாலும் மடிப்புகளின் அடியில் வெடித்திருக்கும்; கையால் வளைத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. அடுத்து மானிபோல்டில் சேரும் சிறு குழாய்கள், எஞ்சின் அடிப்பெட்டியின் ஆவியைக் கொண்டுவரும் குழாய், பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாய்த் தொடர்ந்து போகவேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடி சரியாய் இறுகாமலிருப்பதும், எண்ணெய் அளக்கும் கம்பி முழுதும் இறங்காமலிருப்பதுங்கூடக் காற்றளவு சென்சார் உள்ள கார்களில் இந்த எண்ணை உண்டாக்கும். ஒரு காசும் செலவில்லாமல் தீரக்கூடிய கோளாறு இது.

கிராமத்துக் கார்களுக்கு எலி ஒரு தனிச் சத்துரு. வைக்கோற்போருக்கும் நெல் மூட்டைகளுக்கும் பக்கத்தில் நிறுத்தப்படும் கார், இரவில் எலிகளுக்குச் சூடான வசதியான வீடாகிறது. அவை ரப்பர் குழாய்களையும் மின்சாரக் கம்பிகளின் மேலுறையையும் கடித்துவிடுகின்றன. எஞ்சின்மேல் உமியோ, வைக்கோல் துணுக்கோ, புழுக்கையோ காணப்பட்டால், அதற்குப் பக்கத்திலுள்ள குழாய்களையும் கம்பிகளையும் ஒன்று விடாமல் பார்க்கவேண்டும்.

பிரேக் பூஸ்டர்க் குழாயிலோ பூஸ்டரிலோ கசிவு இருந்தால், பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கடினமாயிருக்கும். மிதிக்கும்போது ஸ் என்று சப்தம் கேட்கும். அவ்வாறாயின் அதைச் சரிசெய்யுமளவும் காரை ரோட்டில் எடுக்கவே கூடாது.

கண்ணுக்கு அகப்படாத கசிவைக் காண, எஞ்சினை நிறுத்திவிட்டு, இன்டேக் வழியில் மெல்லிய அழுத்தத்துடன் புகையைச் செலுத்தி, எங்கிருந்து புகை வெளிவருகிறது என்று பார்க்கும் கருவி நல்ல பட்டறைகளில் உண்டு. அது இல்லாதவிடத்து, எஞ்சின் ஓடும்போதே மென்மையான ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாய்த் துணி சுற்றிய குறட்டால் அழுத்திப் பிடித்துக் குறுங்காலத் திருத்தத்தைப் பார்க்கலாம்; எந்தக் குழாயை அடைத்தபோது திருத்தம் சட்டென்று இறங்குகிறதோ, அந்தக் குழாயிலோ அது போய்ச் சேருமிடத்திலோ கசிவு உள்ளது. கெட்டியான பிளாஸ்டிக் குழாய்களை இவ்வாறு அழுத்தினால் உடைந்துபோம். சிலர் ஓடும் எஞ்சின்மேல் பெட்ரோலைத் தெளித்து, எங்கே சப்தம் மாறுகிறது என்று பார்ப்பார்கள். சூடான புகைக்குழாயும் மின்பொறியும் பக்கத்திலிருக்க இவ்வாறு செய்வது தீயை விலைக்கு வாங்குவதாகும், ஒருகாலும் அனுமதிக்கலாகாது.

கசிவு கண்ட குழாயைச் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டுவது பலருக்கும் கைவந்த வழக்கம். எண்ணெய் ஆவி படும் இடத்தில் அந்த ரப்பர் ஊறித் தளர்ந்துவிடும். எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கக்கூடிய, உள்விட்டம் சரியாய்ப் பொருந்துகிற குழாயையே வாங்கிப் போடவேண்டும். குழாயின் நுனி மட்டும் வெடித்திருந்து நீளமும் மிச்சமிருந்தால், நுனியை நறுக்கிவிட்டு மறுபடியும் மாட்டி, கிளிப்பை இறுக்கினால் போதும்.

கசிவில்லாதபோது பார்க்கவேண்டியவை

சுற்று ஏற ஏறத் திருத்தமும் ஏறுமாயின் இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். ஒன்று, காற்றளவு சென்சாரிலுள்ள சூடான நுண்கம்பி. களத்துத் தூசியும், எண்ணெய் மிகுதியாய்த் தடவிய பில்டரிலிருந்து வரும் பிசுக்கும் அதன்மேல் படிந்தால் அது காற்றைக் குறைத்துச் சொல்லும். இதற்கென்றே விற்கும் திரவத்தைத் தெளித்து உலரவிடலாம். விரலாலோ துணியாலோ தொட்டால் கம்பி அறுந்துவிடும். காற்றுக் குழாயால் ஊதவும் கூடாது. ஏர் பில்டர் அடைபட்டதே லீன் எண்ணுக்குக் காரணம் என்று சொல்லுவாருண்டு. அடைபட்ட பில்டரால் காற்றுக் குறையும். குறைந்த காற்றும் அளக்கப்பட்டே உள்ளே செல்லுவதால் கலவை கெடுவதில்லை. பில்டர் தன் பெட்டியில் சரியாய் உட்காராமல், தூசி அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே செல்லுவதே கெடுதி.

மற்றொன்று, பெட்ரோல் வரும் வழி. சாதாரண இஞ்செக்டர் எஞ்சின்களில் பெட்ரோல் 3 முதல் 4 பார் வரை அழுத்தத்தோடு வருகிறது. டாங்கிலுள்ள பம்பு தளர்ந்தாலும், வடிகட்டி அடைபட்டாலும், ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது. பாரத்தோடு மேடேறும்போதுதான் போதாமை தெரியும். பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்காமல் பம்பை மாற்றுவது தவறு. எஞ்சின் நின்ற பின்னும் அழுத்தம் மீந்திருக்குமாதலால், இந்த வேலையைப் பழகிய மெக்கானிக்கைக் கொண்டே செய்விக்கவேண்டும். மருந்தடிக்கும் யந்திரத்துக்கென்று வைத்திருக்கும் டப்பாப் பெட்ரோலை அவசரத்துக்குக் காரில் ஊற்றுவதும் வடிகட்டியில் அழுக்குச் சேர்வதற்கு ஒரு காரணம்.

கரும்பு, மக்காச்சோளம் பயிரிடுவோருக்குச் சம்பந்தமுள்ள இன்னொரு விஷயமும் உண்டு. இவற்றிலிருந்து வடிக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலப்பது இந்தியாவில் 2022-ல் நூற்றுக்கு 10 பங்கை எட்டியது. 20 பங்கு கலந்த பெட்ரோல் 2023-ம் வருஷம் பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. எத்தனாலில் ஆக்ஸிஜன் உள்ளடங்கியிருப்பதால் அது எரிவதற்கு 9 பங்கு காற்றே போதும். 20 பங்கு கலந்ததற்கு இக்கணக்குச் சுமார் 13.5 ஆகிறது. ஆகவே கலப்பில்லாத பெட்ரோலுக்கென்று அமைந்த பழைய காரில், வேறு கோளாறு ஒன்றும் இல்லாதபோதே திருத்தம் 7 அல்லது 8 பங்கு ஏறி நிற்கும். இது மட்டும் விளக்கை ஏற்றிவிடாது. ஆனால் முன்பு 15 பங்கு திருத்தத்தோடு வெளியே தெரியாமலிருந்த சிறு கசிவு, இதுவும் சேர்ந்தவுடன் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். புதிய பெட்ரோல் போட்டதிலிருந்துதான் விளக்கு எரிகிறது என்று சொல்லுகிறவர் சொல்லுவது பொய்யன்று. எனினும் பார்க்கவேண்டியது கசிவைத்தான். பழைய ரப்பர்க் குழாய்கள் எத்தனாலுக்குத் தாங்குமா என்பதையும் கம்பெனிக் கையேட்டில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அழிப்பதும் அணைவதும்

காரணத்தைக் கண்டு சரிசெய்த பின்னரே கருவியால் எண்ணை அழிக்கவேண்டும். அழிக்காமலே விட்டாலும், பொதுவாக, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு காணப்படாவிட்டால் விளக்கு தானே அணையும். 40 தடவை எஞ்சின் சூடேறி ஆறியபின் எண்ணும் நீங்கும்.

ஒன்றையும் சரிசெய்யாமல் பாட்டரிக் கம்பியைக் கழற்றி விளக்கை அணைத்துக் காட்டும் தந்திரம் பழைய கார் வியாபாரத்தில் நடக்கிறது. வாங்குகிறவர் ஏமாறாமலிருக்க ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் தன் சோதனைகளுள் எவையெவை முடிந்தன என்பதைத் தனியே வைத்திருக்கிறது. கருவியில் ரெடினெஸ் என்ற தலைப்பில் அதைப் பார்க்கலாம். பல சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டினால், எண்கள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கின்றன, அல்லது பாட்டரி கழற்றப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, சில நாள் ஓட்டிப் பார்த்தபின் விலை பேசலாம்.

சொந்தக் காரைச் சரிசெய்தவர், அன்றைக்கே ஐடிலிங்கிலும் 2,500 சுற்றிலும் திருத்தங்களை மறுபடியும் எடுத்து, எண்ணெய் மாற்றிய தேதியை எழுதும் நோட்டிலேயே தேதியோடு குறித்துவைக்கவேண்டும். ஐடிலிங்கில் 23 ஆக இருந்தது 3 அல்லது 4-க்கு இறங்கியிருந்தால் வேலை முடிந்தது. 15-ல் நின்றால் இன்னோர் இடத்தில் கசிவு உள்ளது. பின்னர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதிவந்தால், திருத்தம் சிறிது சிறிதாய் ஏறுவது விளக்கு எரிவதற்கு வெகுநாள் முன்னரே தெரியவரும். பெட்டியைத் திறந்து அதே குழாய்களை ஒருமுறை வளைத்துப் பார்த்துவிடலாம்.